சாற்றுக்கவியிலிருந்து சிபாரிசுப் பட்டியலுக்கு

ஒரு நூலை அடுத்தவருக்கு எப்படிப் பரிந்துரைப்பது என்பதற்குத் தமிழில் இலக்கணமே வகுக்கப்பட்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன் பாயிரத்துக்கென்று தனியாக 55 நூற்பாக்களை ஒதுக்குகிறது. எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலே ஆகாது என்பது அதன் முடிவு. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்பதற்கு உரியவர், கேட்டால் கிடைக்கும் பயன் ஆகிய எட்டையும் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டும். இவற்றோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவர் உண்டு. இன்றைய பத்திரிகை மதிப்புரை ஒன்றை எடுத்து இந்தப் பதினொன்றோடு ஒப்பிட்டால் பாதிகூடத் தேறாது.

யார் சொல்ல வேண்டும் என்பதையும் நன்னூல் விட்டுவைக்கவில்லை. எத்தனை துறையில் புதுமை செய்திருந்தாலும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்வது தகாது. அவனுடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர் ஆகியோரே பாயிரம் பாட உரியவர்கள். விதி கண்ணியமானதுதான். ஆனால் நால்வருமே வேண்டியவர்கள். நூலோடு ஒட்டோ உறவோ இல்லாத ஒருவர் வந்து குறை சொல்வதற்கு அந்த ஏற்பாட்டில் இடம் இல்லை. குறை சொல்ல வேண்டியதெல்லாம் அரங்கேற்றத்திலேயே சொல்லி முடிந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடிய சிறப்புப்பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைத்தான் பெருமையாகச் சொல்கிறது. திருக்குறளுக்குத் திருவள்ளுவமாலை என்று ஒரு தொகுதியே பின்னாளில் சேர்ந்தது. சங்கப் புலவர்கள் பெயரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெண்பாக்கள், எல்லாமே பாராட்டு.

1835இல் மெட்காஃப் சட்டம் இந்தியர்கள் அச்சகம் வைத்துக்கொள்வதற்கு இருந்த தடைகளை நீக்கியது. ஓலையில் இருந்தவை தாளுக்கு வந்தபோது இந்த வழக்கமும் கூடவே வந்தது. நூலுக்கு முன்னால் பக்கம் பக்கமாகச் சாற்றுக்கவிகள் என்ற பாராட்டுப் பாடல்கள் அச்சாயின. ஆதீன வித்துவான்கள், ஊர்ப் பண்டிதர்கள், ஆசிரியரின் ஒருசாலை மாணாக்கர்கள் எல்லோரும் ஆளுக்கொரு விருத்தமோ வெண்பாவோ தந்தார்கள். வாங்குபவருக்கு அதனால் ஒரு பயன் இருந்தது: யார் பாடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் நூல் எந்த மடத்தைச் சேர்ந்தது, எந்தக் கட்சியைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். நூல் எப்படி என்பது மட்டும் தெரியாது.

பாராட்டுக்கு மறுபுறமாக இருந்தது கண்டனம். அதற்கும் நீண்ட பாரம்பரியம் உண்டு. 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் தொழுவூர் வேலாயுத முதலியாரால் திருவருட்பா என்ற பெயரில் வெளியாயின. தேவார திருவாசகங்களுக்கே உரிய அருட்பா என்ற பெயரை இதற்குச் சூட்டியது தவறு என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து 1869இல் போலியருட்பா மறுப்பு வந்தது. அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று கட்டுரைகளும் துண்டறிக்கைகளும் குவிந்தன. வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. இரு தரப்பாரும் கல்வியில் குறைந்தவர்கள் இல்லை. ஆனாலும் அந்தக் குவியலில் பாடல்களின் கவித்துவம் பற்றிய பேச்சு மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் ஒரு புத்தகத்தைத் தலையில் தூக்கி வைக்கலாம், அல்லது தரையில் போட்டு மிதிக்கலாம். கையில் வைத்துப் புரட்டிப் பார்த்து இது இந்த அளவுக்குத் தேறும் என்று சொல்லும் பழக்கம் இன்னும் வரவில்லை.

அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய புத்தகச் சிபாரிசு அச்சில் நடக்கவில்லை, பேச்சில் நடந்தது. 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்று சொன்னாலே பலர் வாயடைத்துப்போவது வழக்கம். சாமிநாதையர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற தொனியில் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சீவக சிந்தாமணி, மணிமேகலை என்று அவர் சொன்ன பெயர்களைச் சாமிநாதையர் கேள்விப்பட்டிருந்ததோடு சரி, ஏட்டைக்கூடப் பார்த்ததில்லை. என் சரித்திரத்தில் அவர் இதை எழுதியிருக்கும் விதம், அவமானமும் வியப்பும் கலந்த அந்த நேரத்தை அப்படியே காட்டுகிறது.

முதலியார் அதோடு விடவில்லை. தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சிந்தாமணி சமணக் காப்பியம். சைவ மடத்துச் சூழலில் வளர்ந்தவருக்கு அதன் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சமணக் குடும்பங்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று தொடர்ந்தது. இதே காலத்தில் சி.வை. தாமோதரம் பிள்ளையும் வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி ஆகியவற்றை வெளியிட்டார். இன்று செவ்வியல் என்று போற்றப்படும் பட்டியல் பெரும்பாலும் இந்த இருபது ஆண்டுகளில் ஏடு தேடிப் போனவர்களால் உருவானது.

புது நூல்களைப் பற்றி எழுதும் பழக்கம் பத்திரிகைகளோடு வளர்ந்தது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளியானபோது நாவல் என்பதை எடைபோடத் தமிழில் தராசு இல்லை. ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் தொடராக வந்து 1896இல் நூலாயிற்று. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898இல் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகளுக்கும் தழுவல் நாவல்களுக்கும் உரியவை. அவற்றுக்கு மதிப்புரை தேவைப்படவில்லை, வாசகர்கள் தாமாகவே வாங்கினார்கள். பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் ‘வரப்பெற்றோம்’ என்ற தலைப்பில் நூலின் பெயர், ஆசிரியர், விலை, கிடைக்கும் இடம் ஆகியவை வரும். மதிப்புரை வேண்டுவோர் இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்ற அறிவிப்பும் வரும். இரண்டு பிரதி கொடுத்துப் பத்து வரிப் பாராட்டைப் பெறும் இந்த ஒப்பந்தம் பல பத்திரிகைகளில் பல தலைமுறைகள் நீடித்தது.

இதை முதலில் உலுக்கியவர்கள் மணிக்கொடி வட்டத்தார். கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் 1933இல் தொடங்கிய மணிக்கொடி, 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைப் பத்திரிகையானது. அதைச் சுற்றி இருந்தவர்கள் கதை எழுதியதைப் போலவே சண்டையும் போட்டார்கள். பாரதி மகாகவியா இல்லையா என்ற விவாதம் அவற்றுள் பெரியது. வ.ரா. ஒரு புறம், கல்கி மறு புறம். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதி தரப்பில் எழுதிய கட்டுரைகள் கண்ணன் என் கவி என்ற நூலாயின. இறந்து இருபது ஆண்டுகூட ஆகாத ஒரு கவிஞரை உலகக் கவிகளோடு நிறுத்தி அளந்து பார்த்த முதல் முயற்சி அது. சாற்றுக்கவி மரபில் இப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது, எல்லாக் கவிகளும் அங்கே மகாகவிகள்.

புதுமைப்பித்தன் தினமணியில் வேலை பார்த்தபோது எழுதிய மதிப்புரைகளில் கத்தியின் கூர்மை இருந்தது. அயல்நாட்டுக் கதையை எடுத்துப் பெயரையும் ஊரையும் மாற்றித் தமிழ்க் கதையாக்கும் தழுவலை அவர் ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பதானால் மூல ஆசிரியரின் பெயரைப் போட்டு நேர்மையாக மொழிபெயர்க்க வேண்டும் என்று வாதிட்டார். பிறரை எடைபோட்டவர் தம்மை எடைபோட வந்தவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். 1943இல் வந்த காஞ்சனை தொகுப்பின் முன்னுரையில், தம் கதைகளை அளக்க வரும் விமரிசகர்களைப் பார்த்து, உங்கள் அளவுகோலைத்தான் நான் அளந்துகொண்டிருக்கிறேன் என்ற பொருள்பட எழுதினார்.

திருநெல்வேலியில் வேறு விதமான சிபாரிசு நடந்துகொண்டிருந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி என்ற குழுவில் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதைவிடப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதுதான் முக்கியம். ஒரு பாடலை எடுப்பார், பாடுவார், நிறுத்துவார், ஒரு சொல்லில் நின்று ரசிப்பார், மறுபடி முதலிலிருந்து பாடுவார். ஒரே கம்பன் பாட்டில் மாலை முழுவதும் போகும். கல்கியும் ராஜாஜியும் அந்த ரசனைக்கு வசப்பட்டவர்கள். ஆனால் டி.கே.சி. அங்கேயே நிற்கவில்லை. கம்பன் இப்படிப் பாடியிருக்க முடியாது என்று தமக்குத் தோன்றிய பாடல்களை நீக்கினார், சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். கம்பர் தரும் ராமாயணம் என்ற அவருடைய பதிப்பைக் கண்டு பாட பேதங்களை ஏடு ஏடாக ஒப்பிடும் பண்டிதர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருக்கிறது, பதிப்பு என்ற அளவில் அதை ஒப்புக்கொள்ள வழியில்லை. ஒரு தேர்ந்த வாசகன் தன் கம்பனை எழுதிக்காட்டிய விமரிசனம் என்று எடுத்துக்கொண்டால் அதன் மதிப்பு குறையாது.

கம்பனையே எதிர்த்தவர்களும் அதே காலத்தில் எழுந்தார்கள். ஒரு பக்கம் கம்பனைப் போற்ற 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். மறு பக்கம் 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்ற கேள்வியில் அண்ணா, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்டார். அந்தச் சொற்போர்கள் தீ பரவட்டும் என்று நூலாக வந்தன. ஒரு காப்பியத்தைப் படிக்கலாமா வேண்டாமா என்பதைப் பொது மேடையில் விவாதிப்பது வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதில்லை.

பட்டியல்களின் காலம் 1950களில் பிறந்தது. அதன் நாயகர் க.நா. சுப்ரமண்யம். 1939இல் சூறாவளி, பிறகு சந்திரோதயம், 1960களில் இலக்கிய வட்டம் என்று பத்திரிகைகள் நடத்தியவர். படித்திருக்கிறீர்களா? என்று அவர் ஒரு நூலுக்கு வைத்த தலைப்பே அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையைச் சொல்லிவிடும். தமிழின் முதல் நாவல்களைத் திரும்ப எடுத்துப் படித்து முதல் ஐந்து தமிழ் நாவல்கள் என்று ஒரு நூல் எழுதினார். ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாளை, அது பரவலாகக் கவனிக்கப்படாமல் கிடந்த காலத்தில், விடாமல் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்தினார். பரிந்துரைத்த அயல்நாட்டு நூலைத் தாமே மொழிபெயர்த்தும் கொடுத்தார்: ஹாம்சுனின் நிலவளம், லாகர்குவிஸ்டின் அன்பு வழி, செல்மா லாகர்லெவின் மதகுரு. தமிழில் எழுத வந்த பலர் அன்பு வழியைப் படித்து அசந்துபோனதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் முறையில் ஒரு குறை உண்டு. நல்லது, சுமார், தேறாது என்று அவர் சொல்வாரே தவிர ஏன் என்று பெரும்பாலும் விளக்கமாட்டார். பட்டியலில் பெயர் வரும், போகும். கல்கியும் அகிலனும் வெளியே நிற்பார்கள். லட்சக்கணக்கானோர் படிக்கும் எழுத்தாளர்களை ஒரு வரியில் தள்ளியது பலருக்கு ஆணவமாகப் பட்டது. ஆனால் இரண்டு பிரதி மதிப்புரைகளின் காலத்தில் அந்த ஒரு வரிக்குத்தான் எடை இருந்தது.

காரணம் கேட்டவர் அவருடைய நண்பர் சி.சு. செல்லப்பா. 1950களின் நடுவில் சுதேசமித்திரனில் தொடங்கிய விவாதத்தின் தொடர்ச்சியாக, விமரிசனத்துக்கென்றே 1959 ஜனவரியில் அவருடைய எழுத்து பத்திரிகை வெளிவந்தது. ரசனை போதாது, பிரதியைப் பிரித்துக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்பது செல்லப்பாவின் கட்சி. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. வெங்கட் சாமிநாதன் போன்றவர்கள் அதில்தான் எழுதத் தொடங்கினார்கள். விமரிசனத்தை நம்பி வந்த பத்திரிகை கடைசியில் புதுக்கவிதையின் வாகனமாக அறியப்பட்டது தனிக் கதை. தம் வெளியீடுகளைப் பைகளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் செல்லப்பா. புத்தகத்தைப் பரிந்துரைப்பதும் விற்பதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தது.

இலங்கையிலிருந்து வந்த எதிர்க்குரல் முற்றிலும் வேறானது. க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்தபோது ஈழத்து எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்து வளர்த்தார். 1968இல் வெளியான தமிழ் நாவல் இலக்கியம் என்ற நூலில், நாவலை அது எழுந்த சமூகத்தோடு சேர்த்துப் படித்தார். கா. சிவத்தம்பி சிறுகதையின் வரலாற்றை அதே நோக்கில் எழுதினார். தனி மனித ரசனையை நம்பிப் பட்டியல் போடும் க.நா.சு.வின் முறையைக் கைலாசபதி கடுமையாகத் தாக்கினார். கைலாசபதியின் நூலை வெங்கட் சாமிநாதன் மார்க்சின் கல்லறையிலிருந்து ஒரு குரல் என்று தலைப்பிட்டு அதைவிடக் கடுமையாகத் தாக்கினார். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நடந்த இந்த வழக்கில் தீர்ப்பு யாரும் சொல்லவில்லை. இரு தரப்பையும் படித்து வளர்ந்த அடுத்த தலைமுறை, தேவைக்கேற்ப இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டது.

1960களின் நடுவில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய வாசகர் வட்டம் பரிந்துரையைச் சந்தாவாக மாற்றியது. உறுப்பினர் முன்கூட்டியே பணம் கட்டுவார், தேர்ந்த புத்தகங்கள் நல்ல தாளில், நல்ல கட்டமைப்பில் வரும். லா.ச. ராமாமிர்தத்தின் அபிதா, தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி, காவேரி போன்றவை அப்படி வந்தவை. 1965இல் தொடங்கிய கணையாழியின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா போகிற போக்கில் ஒரு கவிதைத் தொகுப்பையோ நாவலையோ சொல்வார். பின்னாளில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய கற்றதும் பெற்றதும் தொடரில் ஒரு நூலின் பெயர் வந்தால் மறுவாரம் கடைகளில் அதைக் கேட்டு ஆள் வந்தார்கள்.

இத்தனை மதிப்புரைகளுக்கு இணையாக, பழைய நூல்களைப் பற்றிய கூர்மையான விமரிசனம் மறுபடைப்புகளில் நடந்தது. 1912இல் வந்த பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தில், பாரதி வியாசரைத்தான் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டே, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளும் நடையில் கதையைச் சொன்னார். நாட்டைச் சூதில் வைத்த தருமனைச் சிலையை விற்ற பூசாரியோடு ஒப்பிட்டு வைதார். ராஜாஜியின் வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும் அறத்தை விட்டு விலகாத பாட்டனாரின் குரலில் அதே கதைகளைக் கல்கி வாசகர்களிடம் சேர்த்தன. எதிர்ப்பக்கத்தில் புலவர் குழந்தை 1946இல் சுமார் 3,100 பாடல்களில் இராவண காவியம் பாடி, இராவணனைத் தமிழ்த் தலைவனாக்கினார். அதை அரசு 1948இல் தடை செய்தது. தடை நீங்க 1971 ஆயிற்று.

இவற்றில் உச்சம் புதுமைப்பித்தனின் சாபவிமோசனம். 1943இல் கலைமகளில் வந்த கதை. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலையில்லை என்று ஒரு முன்குறிப்போடு தொடங்குகிறது. ராமனின் பாதத்தூளி பட்டுக் கல் பெண்ணானதோடு கம்பன் அகலிகையை விட்டுவிடுகிறான். புதுமைப்பித்தன் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறார். ஊர் பேசும், கணவனின் அன்பும் பாரமாக அழுத்தும், ஆனாலும் ராமன் நியாயவான் என்ற நம்பிக்கையில் அகலிகை வாழ்கிறாள். வனவாசம் முடிந்து வந்த சீதை அக்னிப் பிரவேசத்தைச் சொல்கிறாள். அவன் கேட்டானா என்கிறாள் அகலிகை. உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு வேறு நீதியா என்ற கேள்வி அகலிகைக்குள் இறங்குகிறது. மறுபடி அவள் கல்லாகிறாள். கம்பனைப் பற்றி அந்தப் பத்தாண்டில் மேடையில் பேசப்பட்டவை அனைத்தையும் விட இந்தச் சில பக்கங்கள் ஆழமாகப் போகின்றன.

எம்.வி. வெங்கட்ராமின் நித்திய கன்னி மகாபாரதத்து மாதவியை எடுத்துக்கொண்டது. இந்திரா பார்த்தசாரதி நந்தன் கதையில் நந்தனாரை மேடையேற்றினார். எஸ். ராமகிருஷ்ணனின் உப பாண்டவம் பாரதத்தின் ஓரங்களில் நிற்பவர்களைத் தேடிப் போனது. அம்பையின் அடவி சிறுகதையில் காட்டிலிருக்கும் சீதை தன் ராமாயணத்தைத் தானே எழுதுகிறாள். சிலப்பதிகாரத்தைக் கொற்றவை என்று 2005இல் திருப்பி எழுதிய ஜெயமோகன், 2014இல் மகாபாரதத்தைத் தொடங்கி 2020 வரை 26 நாவல்களாக வெண்முரசை முடித்தார். நாள்தோறும் வெளியான அதன் அத்தியாயங்களுக்கு வாசகர்கள் எழுதிய கடிதங்களே ஒரு விமரிசனத் தொகுதி அளவுக்குச் சேர்ந்தன.

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி மதிப்புரையின் பருவத்தையே மாற்றிவிட்டது. பதிப்பாளர்கள் ஜனவரியை வைத்து நூல்களைக் கொண்டுவருகிறார்கள், எழுத்தாளர்கள் அதற்குச் சற்று முன் தத்தம் சிபாரிசுப் பட்டியலை வெளியிடுகிறார்கள், பலர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே அரங்கு அரங்காகச் சுற்றுகிறார்கள். நிதானமாகப் படித்து எழுதும் மதிப்புரை வருவதற்குள் கோடை வந்துவிடுகிறது. காலச்சுவடு போன்ற பதிப்பகங்கள் பழைய நாவல்களைக் கிளாசிக் வரிசையாக மறுபதிப்பு செய்யும்போது, இன்று எழுதும் ஒருவரின் விரிவான முன்னுரையைச் சேர்க்கின்றன. சில சமயம் அந்த முன்னுரைக்காகவே பழைய பிரதி வைத்திருப்பவரும் புதியதை வாங்குகிறார்.